நிவி காத்திருந்த இடம்

போன வாரம் பிரியங்கா போன் பண்ணினா. நான் வேலை பார்த்து ரிடையர் ஆன சென்டர்ல இப்போ அவதான் சீனியர். "டீச்சர், நம்ம குழந்தைங்களுக்கு வாட்ச் வந்திருக்கு. கையில கட்டிவிட்டா போதும், பிள்ளை எங்க போனாலும் நம்ம போன்ல காட்டும். இனிமே பயமே இல்ல டீச்சர்"னா.

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. "பயமில்லைன்னு எவ சொன்னா? அவளை முதல்ல கதவுகிட்ட உக்கார வை"ன்னேன்.

பிரியங்கா சிரிச்சா. "நீங்க மாறவே மாட்டீங்க. புதுசா மூணு பொண்ணுங்க சேர்ந்திருக்காங்க, ஒரு நாள் வந்து பேசிட்டுப் போங்களேன்"னா. நேர்ல வந்தா திட்டிடுவேன்டி, எழுதித் தர்றேன்னு சொன்னேன். அதான் இது. பொண்ணுங்களா, படிச்சிட்டு என்னை வெய்யணும்னா வெய்யுங்க. பயமில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க.

நான் வசந்தா. ஆட்டிசம் இருக்கிற சின்னப் பிள்ளைங்களோட வேலை பார்த்த டீச்சர். ரெண்டு வயசுலேருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க. ஸ்ரீரங்கத்துல வெளி மதிலை ஒட்டின தெருவுல ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து சென்டர் நடத்தினாங்க. என் படிப்பைப் பத்திச் சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. பி.ஏ. முடிச்சேன், சிறப்புக் கல்வியில டிப்ளமோ வாங்கினேன், கல்யாணம் ஆச்சு, வேலைக்கு வந்தேன். இந்தப் பிள்ளைங்க என்னென்ன செய்ய மாட்டாங்கங்கிறதை எல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருந்தேன். முகத்தைப் பார்க்காது, பேர் சொன்னா திரும்பாது, விரலை நீட்டிக் காட்டாது. செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்யும், கையை உதறும், சுத்தும், வரிசையா அடுக்கும், அதை நிறுத்தணும். அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன்.

வேலையைக் கத்துக் கொடுத்தது ரெஜினா மேடம். சென்டரை ஆரம்பிச்சவங்க அவங்கதான். குரல் உசந்து நான் கேட்டதே இல்லை. ஒரு பிள்ளைகிட்டப் போறதுக்கு முன்னாடி வாட்ச், வளையல், தோடு எல்லாத்தையும் கழட்டி கைப்பைக்குள்ள போடுவாங்க. கொண்டையை இறுக்கி முடிவாங்க. தரையில உக்காருவாங்க, ஆனா பிள்ளைக்கு நேரா உக்கார மாட்டாங்க. பக்கவாட்டுல, பஸ்ல பக்கத்து சீட்டுல உக்கார்ற மாதிரி. அப்புறம் அந்தப் பிள்ளை என்ன செய்யுதோ அதையே அவங்களும் செய்வாங்க. கார் சக்கரத்தை உருட்டினா இவங்களும் உருட்டுவாங்க. முதல் நாள் பார்த்துட்டு, இந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு நினைச்சேன். எங்களை எல்லாம் "வா, போ"ன்னுதான் கூப்பிடுவாங்க. "வாங்க, உக்காருங்க"ன்னாங்கன்னா செத்தோம்னு அர்த்தம்.

வந்தவுடனே பாடமெல்லாம் கிடையாது. கதவுதான் பாடம். எங்க சென்டருக்கு ரெண்டு கதவு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. தாழ்ப்பாளைக் கதவோட உச்சிக்குக் கொண்டுபோய் வச்சிருந்தாங்க, நானே எக்கித்தான் தொடணும். உள்கதவு சாத்தாம வெளிக்கதவைத் திறக்கக் கூடாது. திறக்கும்போது முதல்ல முட்டியை இடுக்குல வச்சு அடைக்கணும், அப்புறம்தான் யாருன்னு பார்க்கணும். திறக்கிறவங்க சத்தமா "கதவு"ன்னு சொல்லணும். உள்ள இருக்கிற யாராவது ஒருத்தர் பிள்ளைங்களை ஒரு தடவை கண்ணால எண்ணிட்டு "பார்த்தேன்"னு பதில் சொல்லணும். பதில் வராம தாழ்ப்பாள்ல கை வைக்கக் கூடாது. எங்க வீட்டுல பால்காரர் வந்தா இன்னைக்கும் நான் "கதவு"ன்னு சொல்லிட்டுத்தான் திறப்பேன். எம்மவன் தலையில அடிச்சுக்குவான்.

இந்தக் கட்டுப்பாடு எல்லாம் எதுக்குன்னு சேர்ந்த மாசமே தெரிஞ்சுபோச்சு. கேஸ் சிலிண்டர் போடுறவர் வந்தார். சிலிண்டரை உருட்டுறதுக்காக ரெண்டு கதவும் ஒரு நிமிஷம் திறந்து கிடந்தது. கதவுகிட்ட நான் இல்லை, ஆனா ஒரு பிள்ளை வெளியே போறதை முதல்ல பார்த்தது நான். கத்திக்கிட்டே பின்னாடி ஓடினேன். நான் ஓட ஓட அது சிரிச்சுக்கிட்டே வேகமா ஓடுது. ரெண்டு வீடு தள்ளி, கொல்லைப்பக்கம், தண்ணித் தொட்டி விளிம்புல ஏறி உக்கார்ந்திருந்தது. தொட்டி நிறைய தண்ணி. பின்பக்கமா போய் அப்படியே வாரித் தூக்கிட்டு வந்தேன்.

சாயங்காலம் மேடம், "வசந்தா, கொஞ்சம் உக்காருங்க"ன்னாங்க. ஆஹா, முடிஞ்சுது கதைன்னு நினைச்சேன்.

"பின்னாடி ஓடாதீங்க. நீங்க ஓடினா அதுக்கு விளையாட்டு. குறுக்கே போக முடிஞ்சா போங்க, முடியலைன்னா நடங்க."

"எப்படி மேடம் நடக்கிறது? உசுரு போகுதே!"

"போகட்டும். கால் மட்டும் நடக்கணும்." கழட்டின வளையலைக் கையில மாட்டிக்கிட்டே சொன்னாங்க. "ஓடுற பிள்ளைக்குப் பயப்படாதீங்க. எல்லாப் பிள்ளையும் ஓடும். கொஞ்ச தூரம் ஓடிட்டு, அம்மா வர்றாளான்னு திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்க்காம ஓடுற பிள்ளைக்குப் பயப்படுங்க."

அன்னையிலேருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் நான் முதல்ல அதைத்தான் கவனிப்பேன். பேசுதா, எண்ணுதா, கலர் சொல்லுதா, அதெல்லாம் அப்புறம். நாலு எட்டு போனதும் திரும்புதா? வாட்ச் வந்துடுச்சுங்கிறீங்களே, அது பிள்ளை எங்க இருக்குன்னு சொல்லும். திரும்பிப் பார்த்துச்சான்னு சொல்லுமா?

நிவி வந்தது அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு, நான் ஓரளவுக்குத் தேறின பிறகு. நாலு வயசு முடியலை. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர், அம்மா செல்வி. ரயில்வே குவார்ட்டர்ஸ்லேருந்து ரெண்டு பஸ் மாறி செல்விதான் கூட்டிட்டு வருவா. நான் முதல்ல பார்த்தது நிவியோட முகத்தை இல்ல, மணிக்கட்டை. செல்வி பிடிச்சிருந்த இடத்துல சிவப்பா ஒரு தடம், வளையல் போட்ட மாதிரி. பஸ்லயும் விட மாட்டா, சென்டருக்குள்ள வந்தும் விட மாட்டா.

"ஒரு தடவை தண்டவாளம் வரைக்கும் போயிட்டா டீச்சர். கூப்பிடுறேன், கூப்பிடுறேன், காது கேக்காத மாதிரி போறா. கேட்மேன் பார்த்துத் தூக்கிட்டு வந்தார். ராத்திரி என் முந்தானையை அவ கால்ல கட்டிக்கிட்டுத்தான் தூங்குறேன்"னு சொன்னா. சொல்லும்போது அழலை. அழுது முடிச்சவ மாதிரி இருந்தா.

நிவிக்கு ஒரே வேலை, சுவரைத் தட்டுறது. அதுவும் கல் சுவர்னா உசுரு. எங்க தெருவுல மதில் பெரிய பெரிய கல்லா அடுக்கினது இல்லையா, ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டுவா, "ம்ம்"னு ஒரு முனகல், அடுத்த கல். கண்ணு நேரா பார்க்காது. ஓரக்கண்ணால கல்லோட இடுக்கைப் பார்த்துக்கிட்டே போவா. நிறுத்தினா தரையில விழுந்து மண்டையை முட்டிக்குவா.

"இந்தத் தட்டுறதை மட்டும் நிறுத்திடுங்க மேடம், வேற ஒண்ணும் வேணாம். மாமியார் பைத்தியம்ங்கிறாங்க"ன்னு செல்வி கேட்டா.

"நிறுத்திட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு?"ன்னாங்க ரெஜினா மேடம். "ஊர்ல எது எப்போ நடக்கும்னு அவளுக்குத் தெரியலை. பஸ் ஹாரன் எப்போ அடிக்கும், யார் எப்போ தொடுவாங்க, ஒண்ணும் புரியலை. கல்லு மட்டும்தான் ஒரு கல்லுக்கு அப்புறம் இன்னொரு கல்லுன்னு சொன்ன சொல் மாறாம இருக்கு. தன்னை முட்டிக்கிட்டா நிறுத்தலாம். இது யாரை என்ன பண்ணுச்சு?" அப்புறம் என் பக்கம் திரும்பி, "நாளையிலேருந்து நீ போய்த் தட்டு"ன்னாங்க.

தட்டினேன். தெருவுல, வர்றவங்க போறவங்க பார்க்க, ஒரு நடுவயசுப் பொம்பளை ஒரு குழந்தை பின்னாடி மதிலைத் தட்டிக்கிட்டுப் போறேன். ஒரு கை தூரம் தள்ளிப் போகணும். அவ தட்டின கல்லையே, அவ தட்டின அளவுக்கே தட்டணும். அதே "ம்ம்". பேர் சொல்லக் கூடாது, முகத்தை எட்டிப் பார்க்கக் கூடாது, அவ நின்னா நானும் நிக்கணும். தெரு முனையில மதில் முடிஞ்சு ஒரு வாசல் வரும். அதைத் தாண்டினா பஸ் போற ரோடு. அதுக்கு ரொம்ப முன்னாடியே குறுக்கே போய்த் திருப்பிடுவேன். உள்ளங்கை கன்னிப்போய் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டேன். எதிர்வீட்டு மாமிக்கு மட்டும் ஒரே பரவசம். "குழந்தை பெருமாள் மதிலைத் தொட்டுண்டே போறதே, என்ன பக்தி! நீங்களும் பின்னாடியே சேவிச்சுண்டு போறேளே, பாக்யம்தான் போங்கோ!"ன்னாங்க. நான் என்னத்தைச் சொல்றது, கும்பிட்டுட்டு அடுத்த கல்லைத் தட்டினேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கல்லை வேணும்னே தட்டாம விட்டேன். நிவி நின்னுட்டா. கை அந்தரத்துல நிக்குது. என் தட்டு வரலை, அவளால அடுத்த கல்லுக்குப் போக முடியலை. தட்டினேன். "ம்ம்"னா, போனா. அதுவரைக்கும் அவளுக்கு உலகத்துல கல்லு மட்டும்தான் இருந்துச்சு. இப்போ கல்லுக்குப் பின்னாடி ஒரு ஆளும் இருக்கு. அப்புறம் அதுவே விளையாட்டாச்சு. நிவி டர்ன், டீச்சர் டர்ன். அவ தட்டுவா, கையைத் தூக்கி வச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருப்பா.

ஆனா திரும்பலை. கை காத்திருக்கும், தலை திரும்பாது. முதுகைக் காட்டிக்கிட்டே நிப்பா. செல்வி தினமும் பரீட்சை ரிசல்ட் கேக்கிற மாதிரி கேப்பா, "இன்னைக்குத் திரும்பினாளா டீச்சர்?"

"இல்லம்மா."

மேடம் செல்வியையும் தட்டச் சொன்னாங்க. அவளால முடியலை. ஒரு கையில நிவியோட மணிக்கட்டு இருக்கே. "கையை விட்டாத்தான் செல்வி, உன் டர்ன் வரும்"னாங்க. "விட்டா போயிடுவா மேடம்"னா. அதுக்கு மேல மேடம் வற்புறுத்தலை. தண்டவாளத்தைப் பார்த்துட்டு வந்தவகிட்ட யார் என்ன சொல்ல முடியும்?

ஒரு நாள் மேடம் ஊர்ல இல்லை. காலைல நிவியோட நேரம். நான் வெளிக்கதவைச் சாத்திக்கிட்டிருந்தேன், செல்வி நிவியைப் பிடிச்சுக்கிட்டு மதிலோரம் நின்னா. எதிர்வீட்டு மாமி கோயில்லேருந்து தூக்குல பிரசாதத்தோட வந்தாங்க. "இந்தாம்மா, அக்காரவடிசல். சூடா இருக்கு, வாங்கிக்கோ"ன்னு கரண்டியால எடுத்தாங்க.

பிரசாதத்தை எவளாவது ஒத்தைக் கையால வாங்குவாளா? செல்வி ரெண்டு கையையும் குவிச்சு நீட்டிட்டா. அவ யோசிக்கவே இல்லை. நானா இருந்தாலும் நீட்டியிருப்பேன். பஸ்ல விடாத கை, தூக்கத்துல விடாத கை, பெருமாள் பிரசாதத்தைப் பார்த்ததும் விட்டுடுச்சு.

நான் தாழ்ப்பாளைப் போட்டுட்டுத் திரும்புறேன், நிவி இல்லை. தூரத்துல தட்டிக்கிட்டே போறா. தட்டு, தட்டு, அடுத்த கல். என்னைக்கும் இல்லாத வேகம். மதில் முடியிற இடத்துக்குக் கிட்ட போயாச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதிலோட மிச்சம் தெரியுது. அவ கண்ணுக்கு அதுதான் அடுத்த கல்லு. நடுவுல ஒரு ரோடு இருக்கிறது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை.

"நிவீ!"ன்னு செல்வி அலறினா. கடைசிக் கல்லைத் தட்டிட்டு நிவி ரோட்டுல இறங்கிட்டா.

செல்வி ஓடப் பார்த்தா. நான் அவ இடுப்பைச் சேர்த்துப் பிடிச்சேன். ஏன் பிடிச்சேன்னு அப்போ கேட்டிருந்தா என்னால சொல்லியிருக்க முடியாது. தண்ணித் தொட்டி விளிம்புல உக்கார்ந்திருந்த பிள்ளைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. செல்வியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால மதில்ல ஓங்கி அறைஞ்சேன், ரெண்டு தடவை. எலும்புல தெறிச்சுது வலி.

நிவி நின்னா. திரும்பினா.

முதல் தடவையா திரும்பினா. முழு முகமும் தெரிஞ்சுது. என்னை நேராப் பார்த்தா, கையைத் தூக்கி வச்சுக்கிட்டு. நடுரோட்டுல!

அடிப்பாவி, இங்கேயா? எத்தனை மாசம் இதுக்காகத் தவம் கிடந்தேன், இங்கேயா வந்து திரும்பணும்? காத்திருக்கக் கத்துக் கொடுத்தேன்ல, காத்திருக்கா. என் டர்னுக்காக, பஸ் வர்ற ரோட்டுக்கு நடுவுல.

"பிடிச்சுக்கோங்க மாமி"ன்னு செல்வியை மாமிகிட்டத் தள்ளிட்டு நடந்தேன். ஓடலை. நான் ஓடினா அவ ஓடுவா, அந்தப் பக்கம் டூவீலர் சாரிசாரியா வருது. முதல் கல்லைத் தட்டினேன். "ம்ம்." நிவிக்குத் தட்டச் சுவர் இல்லை. தன் தொடையில தட்டினா, "ம்ம்"னா, கையைத் தூக்கினா. அடுத்த கல். பதறாத காரியம் சிதறாதுன்னு எவரோ சொல்லி வச்சுட்டுப் போயிட்டார். அவரைக் கூட்டிட்டு வந்து அந்த மதிலோரம் நடக்கவிடணும். எனக்கு வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. "ம்ம்" வரலை. எச்சிலை வரவழைச்சு முனகினேன்.

பஸ் வந்துடுச்சு. டிரைவர் பிரேக் போட்டுட்டு ஹாரன்ல கை வைக்கப் போறார். ஹாரன் சத்தம் கேட்டா அவ்வளவுதான், காதைப் பொத்திக்கிட்டு எந்தப் பக்கம் பாய்வான்னு யாருக்கும் தெரியாது. இடது கையைத் தூக்கி, வேணாம் வேணாம்னு அவரைப் பார்த்துக் காட்டினேன். புண்ணியவான், புரிஞ்சுக்கிட்டார். பூ விக்கிற அம்மா கூடையை வச்சுட்டு நிவியைத் தூக்க எந்திரிச்சாங்க. நான் முறைச்ச முறைப்புல அப்படியே உக்கார்ந்துட்டாங்க. ஒரு டூவீலர் நிவி முதுகை உரசுற மாதிரி போச்சு. கவுன் பறந்து அடங்குச்சு. அவ அசையலை. அவ கண்ணு என் கைமேலயே இருந்துச்சு.

பின்னாடி செல்வி கத்துறது கேக்குது. "விடுங்க, என்னை விடுங்க! என் பிள்ளை!" திரும்பிப் பார்க்கலை. பார்த்திருந்தா ஓடியிருப்பேன்.

மதில் முடிஞ்சுது. இனி எனக்கும் சுவர் இல்லை. என் தொடையில தட்டினேன். அவளும் தன் தொடையில தட்டினா. ரோட்டுல இறங்கி நடந்தேன். பக்கத்துல போனதும் மணிக்கட்டைப் பிடிக்கணும்னு என் கை துடிச்சுது. பிடிக்கலை. உள்ளங்கையை நீட்டினேன். நிவி பார்த்தா, என் கையில ரெண்டு தட்டு தட்டினா. திரும்பி நடந்தேன், ஒவ்வொரு எட்டுக்கும் கையைக் கொடுத்துக்கிட்டே. தட்டிக்கிட்டே கூட வந்தா. மதிலோரம் வந்து சேர்ந்ததும் மண்ணுல உக்கார்ந்துட்டேன். பின்னாடி பஸ் கிளம்பிப் போச்சு.

செல்வி ஓடி வந்தா. வந்து பிள்ளையைத் தூக்குவான்னு நினைச்சேன், என்னை அடிச்சா. தோள்ல, முதுகுல, மாத்தி மாத்தி. "நடந்து போறீங்க! எம்பிள்ளை நடுரோட்டுல நிக்கிறா, நீங்க நடந்து போறீங்க! உங்க பிள்ளையா இருந்தா நடப்பீங்களா?" அவ கையெல்லாம் நசுங்கின அக்காரவடிசல். நெய்யும் வெல்லமுமா என் புடவையில ஒட்டுது. அடிக்கட்டும்னு இருந்தேன்.

அப்போ மதில்ல ரெண்டு தட்டு கேட்டுச்சு. "ம்ம்."

நிவி சென்டர் பக்கம் பார்த்து ஒரு கல்லைத் தட்டிட்டு நின்னா. திரும்பினா. என்னைப் பார்க்கலை. செல்வியைப் பார்த்தா, அழுது சிவந்த அந்த முகத்தை நேரா. கை அந்தரத்துல நிக்குது.

"செல்வி, உன் டர்ன்"னேன்.

செல்வி கை போச்சு, பழக்கத்துல நேரா அந்த மணிக்கட்டுக்குப் போச்சு. சிவப்புத் தடத்துகிட்டப் போய் நின்னுச்சு. அப்புறம் விலகிப் போய்க் கல்லைத் தட்டினா, ரெண்டு தட்டு. கல்லுல அக்காரவடிசல் ஒட்டிக்கிச்சு.

"ம்ம்"னா நிவி. அடுத்த கல்லைத் தட்டிட்டு மறுபடியும் திரும்பி அம்மாவைப் பார்த்தா.

நான் எந்திரிச்சு, மதில் முடியிற வாசல்ல ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் கையை விரிச்சு நின்னேன். என்னையும் அறியாம வாய் சொல்லுச்சு, "கதவு."

"பார்த்தேன் டீச்சர்"னா செல்வி, நிவியை விட்டுக் கண்ணை எடுக்காம.